கதிர்காம நடைக்கு எந்தத் தண்ணீர்ப் போத்தல்?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. மழைகாலத்தில் ஓடி அடங்கும் வழுக்கியாறு ஒன்றுதான் எங்களிடம் உள்ள ஆறு. ஆனாலும் இலங்கையிலேயே நீண்ட பாதயாத்திரை எங்கள் மண்ணிலிருந்துதான் புறப்படுகிறது. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் வேல் எடுத்துப் புறப்படுகிறவர்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று கிழக்குக் கரையோரமாக இறங்கி, உகந்தையில் காட்டுக்குள் நுழைந்து, திருவிழாக் கொடியேற்றத்தை ஒட்டிக் கதிர்காமம் சேருகிறார்கள். ஒன்றரை மாதம் அளவில் நீளும் நடை அது. சிவனொளிபாதம் ஏறுகிறவர்களும், ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகளும், குறிகாட்டுவானில் படகேறி நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோர் பையிலும் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. அது எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே நிறுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

கடையில் கேட்டால் பதில் உடனே வந்துவிடும். 24 மணி நேரம் குளிர் நிற்கும், 12 மணி நேரம் சூடு நிற்கும், நிறம் போகாது. இந்த மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நடந்து போகிறவருக்கு இவை முதல் மூன்று கேள்விகள் அல்ல. உள்ளே என்ன தண்ணீர் போகப்போகிறது, அந்தத் தண்ணீரோடு போத்தலின் உட்புறம் ஒத்துப்போகுமா, மூடி எத்தனை நாள் தாங்கும் என்பவைதான் எனக்கு முதற்கேள்விகள். நிறையும் விலையும் அடுத்தவை. குளிர் கடைசி.

தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். மழை நீர் அந்தக் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலுள்ள கடல்நீருக்கு மேல் நன்னீர்ப் படையாக நிற்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதனால்தான். இறைப்பு மிஞ்சினால் உவர் மேலே ஏறும். கரையோரக் கிணறுகளிலும் தீவுப் பகுதிகளிலும் அது ஏற்கெனவே ஏறிவிட்டது. வலிகாமத்தின் உட்பகுதியில் தண்ணீர் நன்னீர்தான், ஆனால் கடினநீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படையை எந்த வீட்டிலும் பார்க்கலாம். அது கல்சியம் காபனேற்று. இதற்கு மேல், செம்மண் தோட்டங்களுக்குப் போடும் பசளையும் மலக்குழிக் கசிவும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றை உயர்த்தியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் நட்டஈடு கட்டும்படி தீர்ப்பு வந்ததையும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளில் கிணறு குளிக்கவும் கழுவவும் மட்டும்தான். குடிக்க வாங்கிய தண்ணீர். தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரக்கூடியது. குழாய் எட்டிய ஊர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், இப்போது பலர் ஆசையோடு வாங்கும் வடிகட்டிப் போத்தலின் தகுதி தெளிவாகிவிடும். உள்ளே நுண்துளைக் குழாய்கள் கொண்ட வடி இருக்கும். துளையின் அளவு 0.1 அல்லது 0.2 மைக்கிரோன். பற்றீரியாக்களும் அவற்றிலும் பெரிய ஒட்டுண்ணிகளும் அதில் தங்கிவிடும். வைரசுகள் அதைவிடச் சிறியவை, சாதாரண வடியில் அவற்றுக்குத் தடை இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் நைத்திரேற்றும் கல்சியமும் தாராளமாகக் கடந்து போகும். ஆக, குடாநாட்டுத் தண்ணீரின் உவர், கடினம், நைத்திரேற்று ஆகிய குறைகளில் ஒன்றையும் இந்தப் போத்தல் தீர்க்காது. போதாததற்கு கடினநீரின் படை அந்த நுண்துளைகளையே மெல்ல அடைக்கும். காய்ச்சினால் சரியாகும் என்று நினைப்பதும் நைத்திரேற்று விடயத்தில் தவறு. நீர் ஆவியாகிப் போக, மிச்சத் தண்ணீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆனால் அதே போத்தலை உகந்தைக்கு அப்பால் கொண்டுபோங்கள், நிலைமை தலைகீழ். கூமுனைக் காட்டில் கும்புக்கன் ஆற்றங்கரையில் யானையும் எருமையும் இறங்கிக் கலக்கிய தண்ணீரில் பயம் கிருமிகளைப் பற்றியது. அங்கே வடி வேலை செய்யும், காய்ச்சுவதும் வேலை செய்யும். எனவே என் கணிப்பு இதுதான்: குடாநாட்டுக்குள் வடிகட்டிப் போத்தல் வீண் செலவு. காட்டுப் பகுதிக்கு அது உதவும், ஆனால் தனி வடியாக எடுத்துப்போவது நல்லது. போத்தலுக்குள் பொருத்தியதில் ஒன்று பழுதானால் மற்றதும் சேர்ந்து போகும்.

இனி நேர்மையாக நிறுக்க வேண்டிய போட்டியாளர் ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கிக் குடித்த தண்ணீர்ப் போத்தலையே கழுவித் திரும்ப நிரப்புவது. இதை இளக்காரமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு லீற்றர்ப் போத்தல் வெறுமையாக 30 கிராம் வரைதான் நிறுக்கும். வெளிநாடுகளில் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் மலைப்பாதை நடக்கிற அனுபவசாலிகள் பலர் வேண்டுமென்றே இதைத்தான் கொண்டுபோகிறார்கள். தொலைந்தாலும் கவலையில்லை, நசுங்கினாலும் கவலையில்லை. அப்படியானால் எங்களுக்கு ஏன் ஆகாது?

முதற்காரணம் சூடு. எங்கள் வீடுகளில் நம்பிக் குடிக்கும் தண்ணீர் பெரும்பாலும் காய்ச்சிய தண்ணீர். விடிய நாலு மணிக்குப் புறப்படுகிறவர் அதை ஆறவிட்டு நிரப்ப நேரமிருக்காது. அந்தப் போத்தல்களின் பிளாஸ்ரிக்கான பெற் 75 பாகை செல்சியசை எட்டும்போதே இளகத் தொடங்கும். கொதிநீர் ஊற்றினால் போத்தல் சுருண்டு கழுத்துக் கோணும், மூடி பிறகு சரியாக ஏறாது. இரண்டாவது காரணம் கழுத்து. தூரிகை நுழையாத ஒடுங்கிய கழுத்து. உள்ளே படையும் வழுவழுப்பும் பிடித்தால் குலுக்கிக் கழுவுவதைத் தவிர வழி இல்லை, குலுக்கலில் அது போகாது. வெயிலில் நிற்கும் வாகனத்தில் நாட்கணக்காகக் கிடந்தால் பெற் செய்யப் பயன்படும் அந்திமனி சிறிதளவு நீரில் இறங்கும் என்பதும் ஆய்வுகளில் கண்டது. ஒரு நாள் நடைக்கு அது அச்சப்பட வேண்டிய அளவல்ல. ஒன்றரை மாத நடைக்கு ஒரே போத்தலை நம்புகிறவருக்கு முதல் இரண்டு காரணங்களே போதும்.

விலைக் கணக்கும் பார்க்கலாம். 2025 ஏப்ரலில் அரசு விதித்த உச்ச விலைப்படி ஒரு லீற்றர் போத்தல் தண்ணீர் 100 ரூபா. மூவாயிரம் ரூபாவுக்கு ஒரு நல்ல போத்தல் வாங்கினால் அது முப்பது லீற்றரின் காசு. வெயிலில் நடக்கும் ஒருவருக்கு மணிக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை தண்ணீர் வேண்டும். நாளுக்கு நாலு லீற்றர் வாங்கிக் குடிப்பவர் எட்டாம் நாளில் அந்தக் காசைத் தாண்டிவிடுவார். காசு மட்டுமல்ல, குப்பையும் கணக்கில் வர வேண்டும். ஹோர்ட்டன் சமவெளி வாயிலில் பைகளைத் திறந்து பொலித்தீனை எடுத்துவிட்டு, தண்ணீர்ப் போத்தல்களில் சுற்றியிருக்கும் லேபிளையும் உரித்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அந்த அக்கறைக்குக் காரணம் காட்டுக்குள் சேரும் பிளாஸ்ரிக் குப்பை. உகந்தை தாண்டிய பாதையிலும் வெற்றுப் போத்தல்கள் கிடக்கின்றன. முருகனிடம் போகிறவர்கள் போட்டுவிட்டுப் போனவை அவை என்பது எனக்குப் பொறுக்க முடியாத விடயம்.

தடித்த பிளாஸ்ரிக் போத்தல்கள் வேறு வகை. பாலின் நிறத்தில் ஒளி மங்கலாய்த் தெரியும் எச்டிபிஈ, அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும். பொலிபுரோப்பிலீனுக்கு 5. கண்ணாடிபோல் தெளிவான ரைற்றனுக்கு 7. இந்த 7 என்பது மற்றவை எல்லாவற்றுக்கும் பொதுவான எண், பழைய பொலிகாபனேற்றும் அதற்குள்தான் அடங்கும். பிபிஏ என்ற வேதிப்பொருள் கசியும் என்ற கவலையால் நல்ஜீன் நிறுவனம் 2008இல் பொலிகாபனேற்றைக் கைவிட்டு ரைற்றனுக்கு மாறியது. எனவே வெறும் 7ஐப் பார்த்து வாங்கக் கூடாது, பிபிஏ இல்லை என்ற குறிப்பையும் பார்க்க வேண்டும். இந்த மூன்றுமே கொதித்து இறக்கிய தண்ணீரைத் தாங்கும். உவர்நீரால் கறல் பிடிக்காது. ஒரு லீற்றர் எச்டிபிஈ போத்தல் 110 கிராம் அளவு, ரைற்றன் 180 அளவு. எச்டிபிஈயில் தண்ணீருக்கு ஒரு மணம் ஏறும், புதிதில் கூடுதலாக. கீறல் விழுந்த இடங்களில் அழுக்குப் பிடிக்கும். தேத்தண்ணி ஒருமுறை ஊற்றினால் பிறகு எல்லாமே தேத்தண்ணிதான். ஆனாலும் மேலதிகத் தண்ணீர் காவுவதற்கு எச்டிபிஈயை மிஞ்சியது இல்லை. அதைத் தீர்ப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சுண்ணாம்புக்கல்லில் ஒருமுறை விழுந்தால் முடிந்தது.

அலுமினியம் பாரம் குறைந்தது, அழகானது. ஆனால் வெறும் அலுமினியம் புளிப்பையும் உப்பையும் தாங்காது, அதனால் உள்ளே ஒரு பூச்சு இருக்கும். போத்தலின் தரம் அந்தப் பூச்சின் தரம்தான். சுவிற்சர்லாந்தின் பெயர்பெற்ற சிக் நிறுவனமே தன் பழைய போத்தல்களின் உட்பூச்சில் பிபிஏ சிறிதளவு இருந்ததை 2009இல் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எங்கள் கடினநீர்ப் படையைச் சுரண்டித் தேய்த்துக் கழுவும்போது அந்தப் பூச்சுக்கும் காயம் படும். விலக்கு.

செப்புப் போத்தல் நல்லூரடியிலும் கிடைக்கிறது, திருமணப் பரிசாகவும் வருகிறது. செப்பு கிருமியைக் கொல்லும் என்பது வெறும் நம்பிக்கை அல்ல. பெங்களூர் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வயிற்றோட்டக் கிருமிகள் கலந்த தண்ணீரைச் செப்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தபோது அவை மீட்டெடுக்க முடியாதபடி அழிந்தன. இந்த 16 மணி நேரத்தைக் கவனிக்க வேண்டும். நடக்கிறவர் ஒரு போத்தலை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். அந்த நேரத்துக்குள் செப்பு பெரிதாக ஒன்றும் செய்திருக்காது. மறுபுறம், தேசிக்காய்த் தண்ணீரோ மோரோ அதில் ஊற்றினால் செப்பு அளவுக்கு மிஞ்சிக் கரைந்து வயிற்றைப் பிரட்டும். வெயில் நடையில் தேசிக்காயும் மோரும் இல்லாமல் முடியுமா? வீட்டில் இரவு நிரப்பிக் காலையில் குடிக்கச் செப்பு நல்லது. பாதைக்கு ஆகாது.

மிஞ்சுவது சில்வர். கறையில் உருக்கு என்று பாடப்புத்தகம் சொல்வது. இதில்தான் நுணுக்கம் அதிகம், ஏமாற்றும் அதிகம். போத்தல்களுக்கு ஏற்றது 304 என்ற தரம். அதில் நூற்றுக்கு 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல், அதனால் 18/8 என்றும் போடுவார்கள். நிக்கல் விலையுயர்ந்தது. அதைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்வது 201. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் குளோரைட்டு உள்ள நீரில் 201 விரைவில் புள்ளி புள்ளியாகக் கறல் பிடிக்கும், முதலில் ஒட்டுத் தையலில் பிடிக்கும். சவர்த்தண்ணீர் ஊர்களில் இந்த வேறுபாடு சில வாரங்களிலேயே தெரிந்துவிடும். 316 என்பதில் மொலிப்டினம் சேர்வதால் உப்பை இன்னும் தாங்கும், ஆனால் விலைக்கேற்ற தேவை தண்ணீர்ப் போத்தலில் இல்லை.

யாழ்ப்பாணத்துப் பெரிய கடைப் பக்கம் ஒரு காந்தத்தைப் போத்தலில் வைத்துக் காட்டி, “காந்தம் பிடிக்காது பாருங்கோ அண்ணை, அசல் சில்வர்” என்பார்கள். அந்தச் சோதனை இந்தக் கேள்விக்கு விடை சொல்லாது. 201இலும் காந்தம் ஒட்டாது. மாறாக, அசல் 304ஐக் கழுத்துப் பகுதியில் அழுத்தி வளைக்கும்போது அங்கே மெல்லிய காந்த ஈர்ப்பு வந்துவிடுவது உண்டு. ஆகக் காந்தத்தை நம்பினால் நல்லதை விட்டுக் கெட்டதை வாங்கவும் கூடும். அடியில் அச்சிட்ட 304 என்ற எண்ணும் தனியே சாட்சி ஆகாது, ஆனால் அது இல்லாததை வாங்கவே வேண்டாம். வாங்கிய பிறகு, மாற்றித் தரும் கெடு முடியுமுன், உப்புக் கரைத்த தண்ணீரை நிரப்பி இரண்டு மூன்று நாள் விட்டு, ஊற்றிவிட்டு வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள். அடித்தட்டு உடலோடு ஒட்டும் வளையத்தில் கபிலப் புள்ளிகள் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்த பிரிவு ஒற்றைச்சுவரா, இரட்டைச்சுவரா. இரட்டைச்சுவருக்கு நடுவே வெற்றிடம். ஜேம்ஸ் டூவார் 1892இல் ஆய்வுகூடத்துக்காகச் செய்த குடுவையின் வழி வந்தது, எங்கள் வீட்டுச் சுடுதண்ணிப் போத்தலும் அதுவே. குளிரையும் சூட்டையும் காப்பதில் அதற்கு நிகரில்லை. இப்போது யார் கையிலும் இதுதான், இதை விட்டு ஒற்றைச்சுவர் கேட்டால் கடைக்காரர் அலமாரியின் அடித்தட்டில் தேட வேண்டியிருக்கிறது.

நடைக்கு நான் ஒற்றைச்சுவரின் பக்கம். இரட்டைச்சுவர் ஒரு லீற்றர்ப் போத்தல் வெறுமையாக 400 கிராமுக்கு மேல், பலவும் அரைக் கிலோவை நெருங்கும். ஒற்றைச்சுவர் 200 கிராம் சுற்றி. வித்தியாசம் கால் லீற்றர்த் தண்ணீரின் நிறை. தோளில் அதே பாரத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் கால் லீற்றர்த் தண்ணீர் கூடக் கொண்டுபோகலாம் என்றால், உகந்தையிலிருந்து கூமுனைக்கும் அங்கிருந்து வியாழைக்கும் நடக்கிறவர் எதை எடுப்பார்? தாகத்தைத் தீர்ப்பது தண்ணீரின் அளவு. குளிர்ச்சி இதம்தான்.

அந்த இதத்துக்கும் வழி உண்டு. யாத்திரைக் காலமும் நயினாதீவுத் திருவிழாவும் சோளகம் வீசும் மாதங்கள். ஒற்றைச்சுவர்ப் போத்தலைப் பழைய பருத்திக் காலுறைக்குள் நுழைத்து, நனைத்து, பைக்கு வெளியே காற்றுப் படத் தொங்கவிடுங்கள். சீலை காய்ந்து போகும்போது நீராவி போத்தலின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பனிக்கட்டிக் குளிர் வராது, ஆனால் குடிக்க இதமாக இருக்கும். இரட்டைச்சுவரில் இது பலிக்காது, வெற்றிடம் உள்ளேயுள்ள சூட்டை வெளியே விடாது. காலையில் காய்ச்சி ஊற்றிய தண்ணீர் நண்பகலிலும் சுட்டுக்கொண்டிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

நெருப்பு மற்றொரு காரணம். பூச்சு அடிக்காத ஒற்றைச்சுவர்ச் சில்வர்ப் போத்தலை, மூடியையும் றப்பர் வளையத்தையும் கழற்றிவிட்டு, தங்குமிடத்தில் சமைக்கும் அடுப்பின் ஓரத்தில் வைத்தே தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். குமிழ் பொங்க ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகளுக்குப் போதும். இரட்டைச்சுவர்ப் போத்தலை ஒருபோதும் நெருப்பில் வைக்கக் கூடாது, அடைபட்ட இடைவெளி வெடிக்கக்கூடும். அதன் அடியில் இன்னொரு விடயமும் உண்டு. வெற்றிடத்தை அடைக்கும் துளையைச் சில நிறுவனங்கள் ஈயம் கலந்த குமிழால் அடைத்து மேலே ஓர் உருக்குத் தகட்டால் மூடுகின்றன. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் ஸ்ரான்லி நிறுவனம் தன் போத்தல்களில் இப்படி இருப்பதை உறுதிப்படுத்தியது. தகடு இருக்கும்வரை தண்ணீரையோ கையையோ அது தொடாது. அடித்தகடு கழன்று விழுந்த போத்தலைப் பிள்ளைகள் கையில் விட வேண்டாம்.

இரட்டைச்சுவருக்கு உரிய இடமும் இருக்கிறது. சிவனொளிபாதத்தின் உச்சி 2,243 மீற்றர். நள்ளிரவில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் ஏறி விடியலுக்குக் காத்திருக்கும்போது குளிர் எலும்பில் இறங்கும். அரை லீற்றர்ப் போத்தலில் சுடச்சுடத் தேத்தண்ணி இருந்தால் அதன் அருமை அப்போது தெரியும். கொழும்புக்கு இரவு பஸ்ஸில் கைக்குழந்தையோடு போகும் தாய்க்கும் அது வேண்டும். அங்கே பாரம் ஒரு பொருட்டல்ல.

மூடிக்கு வருகிறேன். போத்தல் உடம்பு வருடக்கணக்கில் இருக்கும், மூடி கெட்டால் போத்தல் கெட்டதுதான். பொத்தானை அமர்த்தினால் துள்ளித் திறப்பது, உறிஞ்சு குழாய் வைத்தது, முழுதாகத் திருகிக் கழற்றுவது என்று மூன்று வகை புழக்கத்தில் உண்டு. பொத்தான் மூடியில் ஒரு சிறு வில், ஒரு கீல், ஒரு தாழ். மூன்றுக்குள்ளும் மணலும் உப்புப் படையும் போய்ச் சேரும். அதிலும் பைக்குள் நெருக்குண்டு தானே திறந்துகொள்வது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். உறிஞ்சு குழாய் கழுவக் கடினம். யாழ்ப்பாணத்தில் பாதி நிரப்பி மூடிய உறிஞ்சு போத்தலை இரண்டாயிரம் மீற்றர் உயரத்தில் ஹோர்ட்டன் சமவெளியில் திறந்தால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து தண்ணீரை முகத்தில் பீய்ச்சும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய குறை, அதைப் பகிர முடியாது என்பது. நாங்கள் அண்ணாந்து குடிக்கிறவர்கள். யாத்திரையில் ஒரு போத்தல் பத்துக் கைகளில் போகும், ஒருவர் வாய் படாமல் அடுத்தவர் குடிப்பார். வாயில் வைத்து உறிஞ்சும் போத்தலைத் தாகமென்று கேட்கிற ஒருவருக்கு எப்படி நீட்டுவது?

அண்ணாந்து குடிப்பது வாயகலத்தையும் தீர்மானிக்கிறது. மேல்நாட்டுப் போத்தல்களின் 63 மில்லிமீற்றர் வாய் கழுவ நல்லது, ஆனால் சாய்த்ததும் மொத்தமாகக் கொட்டி மேற்சட்டையை நனைக்கும். ஒடுங்கிய கழுத்தில் தூரிகை நுழையாது, கிணற்றடியில் வாளியிலிருந்து நிரப்பும்போது பாதி நிலத்துக்குப் போகும். 45 முதல் 55 மில்லிமீற்றர் வரையான வாய் இரண்டுக்கும் பொருந்தும். கடையில் அளவுகோல் வேண்டாம். இரண்டு விரலை நீட்டி மொளிவரை நுழைத்துப் பாருங்கள், தாராளமாகப் போனால் தூரிகையும் போகும்.

அங்கேயே மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள். உட்கூரையில் வெண்ணிற வளையம் இருக்கும், சிலிக்கன். அதை நகத்தால் கிளப்பிப் பாருங்கள். கழன்று வர வேண்டும், திரும்ப அமர வேண்டும். கழராத வளையத்தின் கீழே சில வாரங்களில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும், அதை எதனாலும் எடுக்க முடியாது. கழரும் வளையமானால் மேலதிகமாக ஒன்று கேட்டு வாங்கி வையுங்கள். பிறகு மூடியைக் காதருகே வைத்துத் தட்டிப் பாருங்கள். பல மூடிகள் இரண்டு பிளாஸ்ரிக் ஓடுகளை ஒட்டிச் செய்தவை, நடுவே வெறுமை. அந்த ஒட்டு நாளடைவில் விட்டால் உள்ளே தண்ணீர் புகுந்து நின்றுவிடும், குலுக்கினால் களகளவென்று கேட்கும். மாதக்கணக்கான அந்தத் தண்ணீர்தான் நாறுகிறது என்று தெரியாமல் போத்தலைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் பலர். ஒரே வார்ப்பில் செய்த மூடியோ, உட்கூரை சில்வர்த் தகடாக உள்ளதோ நல்லது. மரை ஆழமாகவும் குறைந்தது இரண்டு சுற்றாவது போவதாகவும் இருக்கட்டும். அரைச் சுற்றில் இறுகும் மூடி அரைச் சுற்றில் கழரும். தூக்கும் வளையம் மூடியோடு ஒன்றாக வார்த்ததா, ஆணியில் கொளுவியதா என்றும் பாருங்கள். முதலில் உடைவது அந்த இடம்தான்.

கழுவுவதில் எங்கள் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கை. உட்புறத்து வெண்படையைக் கம்பிப் பஞ்சால் சுரண்ட வேண்டாம். தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ வெந்நீரில் கலந்து அரை மணி நேரம் விட்டால் தானே இளகும். இரண்டாவது, கிணற்றுக்குப் போடும் குளோரினைக் கரைத்துப் போத்தலில் இரவு முழுக்க ஊறவிடும் பழக்கம். அது சில்வரைத் துளைத்துப் புள்ளியாக்கும். ஜீவனியும் அப்படித்தான். உப்புக் கரைசல், குடித்து முடிந்ததும் வெறுந்தண்ணீரால் அலசிவிட வேண்டும். படகில் தெறித்த கடல்நீருக்கும் இதே வைத்தியம்.

தீர்ப்பு. கதிர்காம நடைக்கு ஒரு லீற்றர் கொள்ளும், 304 தரமுள்ள, உள்ளும் புறமும் பூச்சில்லாத, ஒற்றைச்சுவர்ச் சில்வர்ப் போத்தல் ஒன்று. நடுத்தர வாய், திருகு மூடி, கழற்றி மாற்றக்கூடிய வளையம். அதோடு உகந்தைக்கு அப்பால் நிரப்புவதற்கென்று ஒரு லீற்றர் எச்டிபிஈ போத்தல் ஒன்றோ இரண்டோ, அதுவரை பைக்குள் வெறுமையாகக் கிடக்கட்டும். காட்டுக்குள் தொண்டர்களும் படையினரும் இடையிடையே தண்ணீர் வைக்கிறார்கள், ஆனாலும் அதை நம்பி வெறுங்கையோடு இறங்கக் கூடாது. தீவுகளுக்கு ஒரு நாள் போய்வர அந்தச் சில்வர்ப் போத்தலே போதும், வீட்டிலேயே நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டு படகேற வேண்டும். பலாலியில் விமானம் ஏறுகிறவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன் அதை வெறுமையாக்கிவிட வேண்டும். மலைக்குளிருக்கு மட்டும் அரை லீற்றர் இரட்டைச்சுவர்.

வேல் எடுத்துப் புறப்படுவதற்கு முந்தைய வாரம் போத்தலில் வெந்நீர் நிரப்பி, மூடி, பழைய பேப்பர் ஒன்றின்மேல் இரவு முழுக்கப் படுக்க வைத்துப் பாருங்கள். காலையில் பேப்பர் நனைந்திருந்தால் வளையத்தை மாற்றுங்கள். வழியில் வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல் எதுவும் உங்கள் கையால் காட்டில் விழ வேண்டாம்.